அப்பா சிலேட்டில் எழுதிய ‘போதும்’: இறக்க உதவும் சட்டம் நம் நாட்டுக்கு வேண்டுமா?

செல்லூர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கைத்தறி நெய்த என் அப்பாவுக்கு இப்போது 72 வயது. சென்ற ஆண்டு பங்குனியில் அவருக்கு நாக்குக் குழறத் தொடங்கியது. பக்கவாதமாக இருக்கும் என்று நினைத்து மூன்று மாதங்கள் அலைந்த பிறகு, மோட்டார் நியூரான் நோய் என்று நரம்பியல் மருத்துவர் கண்டறிந்து சொன்னார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் இது என்றும், முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை என்றும், கடைசியில் மூச்சுத் தசைகளும் தளரும் என்றும் விளக்கினார். பேச்சு நின்று எட்டு மாதங்கள் ஆகின்றன. சோற்றை எவ்வளவு குழைத்துக் கொடுத்தாலும் புரையேறுகிறது. ஆனால் நினைவில் ஓர் இழைகூட அறுபடவில்லை. வலது கை இன்னும் அசைவதால் பேத்தியின் சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டுகிறார்.

பத்து நாட்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் அதில் ‘போதும்’ என்று மட்டும் எழுதினார். அம்மா சிலேட்டை வாங்கித் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் என்னைத் தனியே அழைத்து, ‘வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டரே உதவி செய்யச் சட்டம் இருக்கிறதாமே, இங்கே ஏன் இல்லை?’ என்று எழுதிக் கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அப்படியொரு சட்டம் நம் நாட்டில் வரவேண்டுமா, வந்தால் என் அப்பாவைப் போன்றவர்களுக்கு அது நன்மையா என்பது என் முதல் கேள்வி. இன்றைய சட்டம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பது இரண்டாவது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற ஆறுதலை நாங்களே தினமும் சொல்லிக்கொள்கிறோம். அதைத் தாண்டி ஏதேனும் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை வழக்கறிஞர்:

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு இன்றைக்கே தேவைப்படுவது அதுதான்.

‘கருணைக்கொலை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செயல்களைச் செய்தித்தாள்கள் அடைத்துவிடுகின்றன. நோயாளி வேண்டாம் என்ற சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும், தொடங்கியதை நிறுத்தி நோயை அதன் போக்கில் முடிய விடுவதும் ஒரு வகை. நோயாளி தன் கையால் உட்கொள்ளும்படி உயிர் போக்கும் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. மருத்துவரே அதை ஊசி வழியாகச் செலுத்துவது மூன்றாவது. இந்தியாவில் முதல் வகைக்கு மட்டுமே இடமுண்டு. இரண்டாவது, தற்கொலைக்கு உடந்தை என்ற வகையில் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவின்கீழ் பத்தாண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரியது. மூன்றாவதில், நோயாளியே மன்றாடிக் கேட்டிருந்தாலும், அவருடைய சம்மதம் குற்றத்தைக் கொலை என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்குமே ஒழிய, குற்றமே இல்லை என்று ஆக்காது.

இந்த இடத்துக்கு நம் நீதிமன்றங்கள் நேர்வழியில் வந்து சேரவில்லை. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமையும் அடங்கும் என்று 1994இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சொன்னார்கள். 1996இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கியான் கவுர் வழக்கில் அதை மறுத்தது. பிறகு வந்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்த அவர், 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதி கேட்ட மனுவை 2011இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரைப் பேணிவந்த செவிலியர்கள் அவர் வாழவேண்டும் என்று விரும்பியதை அது கருத்தில் கொண்டது. ஆயினும் அதே தீர்ப்பு, உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்ற வழியையும் திறந்துவைத்தது. 2015 மே மாதம் அருணா நிமோனியாவால் இறந்தார். 2018 மார்ச் 9 அன்று அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றும், ஒருவர் தன் கடைசிக்காலச் சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

அப்படி எழுதிவைக்கும் ஆவணத்தை உயிர் உயில் என்கிறார்கள். முதலில் அதில் மாஜிஸ்திரேட் மேலொப்பமிட வேண்டும் என்று இருந்தது. நடைமுறையில் அது எவருக்கும் எட்டவில்லை என்பதால் 2023 ஜனவரியில் விதிகள் தளர்த்தப்பட்டன. இப்போது தெளிந்த மனநிலையில் உள்ள வயதுவந்தவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தம்மால் முடிவெடுக்க இயலாத நாளில் தம் சார்பில் பேசவேண்டியவர்களின் பெயர்களை அதில் குறிப்பிட வேண்டும். அந்த நாள் வரும்போது, மருத்துவமனையின் மருத்துவர் குழு ஒன்றும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரை உள்ளடக்கிய இரண்டாவது குழுவும், இயன்றவரை தலா 48 மணி நேரத்துக்குள் நிலைமையை ஆராய்ந்து ஒப்ப வேண்டும். அதன்பின் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்துவிட்டுச் சிகிச்சையை விலக்கலாம். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நமக்கு மதுரைக் கிளையே இருக்கிறது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்தத் தீர்ப்பைச் செயல்படுத்தும்படி தன் மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

உங்கள் அப்பாவின் நோயில் இது ஏட்டளவில் நிற்கும் விஷயம் அன்று. மூச்சுத் தளரும் ஓர் இரவில் பதற்றத்தில் நீங்கள் ஆம்புலன்ஸை அழைப்பீர்கள். தொண்டையில் துளையிட்டு வெண்டிலேட்டரில் இணைத்துவிடுவார்கள். அதன்பிறகு அவர் அதை விரும்பினாரா என்று கேட்க எவருக்கும் நேரமிருக்காது. நான் அறிந்த ஒரு குடும்பம் முறைப்படி எழுதிய உயிர் உயிலோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனது. அங்கிருந்த நிர்வாகி அப்படியொரு தீர்ப்பையே கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே ஆவணத்தை எழுதுவதோடு நிற்காமல், சிகிச்சை தரும் மருத்துவரிடம் இப்போதே அதன் படியைக் கொடுத்துப் பேசிவையுங்கள். தெளிவோடு இருக்கும்வரை அப்பா வேண்டாம் என்று எழுதிக் காட்டும் மறுப்பே செல்லுபடியாகும் என்பதையும் மறவாதீர்கள்.

கோச்சடை ஆசிரியர்:

நான் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன். எண்பதை நெருங்குகிறேன். முதல் கேள்விக்கு என் விடை, வரவேண்டும் என்பதே.

உங்கள் அப்பாவின் நோய்க்கும் இந்தச் சட்டங்களின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கனடாவில் இதே நோயால் பாதிக்கப்பட்ட சூ ராட்ரிகஸ் என்ற பெண்மணி, தம் உயிரை முடித்துக்கொள்ள மருத்துவரின் உதவியைப் பெறும் உரிமை கேட்டு வழக்காடினார். 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. 22 ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே நோய் கண்ட குளோரியா டெய்லரும் பங்கேற்றிருந்த வழக்கில் அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தடையை நீக்கியது. தீர்ப்பு வந்தபோது டெய்லர் உயிரோடு இல்லை. இந்த நோயாளிகள் ஏன் மீண்டும் மீண்டும் நீதிமன்றப் படி ஏறினார்கள்? அறிவு முழுமையாக விழித்திருக்க, உடல் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருவதை உள்ளிருந்தே பார்க்கும் நோய் அது. வலி மருந்து அதற்கு முழு விடை ஆகாது.

மேலே வழக்கறிஞர் விளக்கிய வேறுபாட்டில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. வெண்டிலேட்டரில் இருப்பவர் அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுச் சாகலாம். வெண்டிலேட்டரே இல்லாமல் அணு அணுவாகத் தளர்பவர் எதையும் கேட்க முடியாது. இருவரின் விருப்பமும் ஒன்றே, முடிவும் ஒன்றே. ஒருவர் உடலில் குழாய் செருகியிருப்பதாலேயே அவருக்கு அந்த உரிமை கிடைத்துவிடுகிறது என்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

சட்டம் என்றால் எல்லை கடந்து பரவிவிடும் என்ற அச்சத்தை நான் அறிவேன். ஆனால் எல்லா நாடுகளின் சட்டமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், ஆறு மாதங்களுக்குள் இறப்பு நேரும் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதிசெய்த வயதுவந்தவர்களுக்கு மட்டுமே உரியது. மருந்தை நோயாளிதான் உட்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் 2002 முதல் உள்ள சட்டம் அகலமானது. அங்கே சாவு நெருங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தாங்கவியலாத, மீள வழியில்லாத துன்பம் என்று மருத்துவர் நம்பினால் போதும், ஒவ்வொரு சாவையும் பின்னர் ஒரு குழு ஆராயும். பிரிட்டனின் மக்களவை 2025 ஜூனில் 314க்கு 291 என்ற வாக்குகளில் ஏற்ற மசோதா ஓரிகனைப் போலக் குறுகலான வகையைச் சேர்ந்தது. நமக்கும் அந்தக் குறுகிய கதவு போதும். நான் அதன் வழியே போவேன் என்று சொல்லவில்லை. அது இருக்கிறது என்று தெரிந்தால் இரவில் உறங்குவேன்.

கள்ளிக்குடி மகள்:

ஐயாவின் மேல் மிகுந்த மதிப்போடு மறுக்கிறேன். கதவு குறுகலா அகலமா என்பதைவிட, அதன் முன்னால் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்பதே என் கவலை.

நான் பிறந்தது விருதுநகர் எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். எங்கள் பக்கத்தில் ‘தலைக்கூத்தல்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. படுத்த படுக்கையான முதியவர்களைக் குடும்பமே எண்ணெய்க் குளியல், இளநீர் என்ற பெயரில் முடித்துவைக்கும் அந்த வழக்கத்தை, பல ஊர்களில் கொலை என்று எவரும் அழைத்ததில்லை. கடமை என்றும், அவர்களுக்குச் செய்யும் நன்மை என்றும் பேசினார்கள். உறவினர்களுக்குச் சொல்லியனுப்பி, வந்தவர்கள் முகம் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. என் அப்பத்தா இடுப்பொடிந்து கிடந்த கடைசி ஓராண்டில், வீட்டில் யார் இளநீர் கொண்டுவந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். ‘எனக்கு வேண்டாம் தாயி, நீ குடி’ என்பாள். வெயில் காலத்தில் கூடக் குடிக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டால் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். எங்கள் வீட்டில் எவரும் அப்படி நினைத்ததுகூட இல்லை. ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நினைத்தோம் என்று ஆகிவிடும். அவள் தானாகவே இறந்த நாள்வரை எங்களை முழுதாக நம்பவில்லை என்பதை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இப்படிப்பட்ட மண்ணில், ‘மருத்துவர் உதவியோடு முடித்துக்கொள்ளலாம்’ என்று சட்டமே சொன்னால், மறுநாளிலிருந்து ஒவ்வொரு படுக்கையாளியும் ‘நான் ஏன் இன்னும் அதைக் கேட்கவில்லை’ என்பதற்குக் காரணம் சொல்லவேண்டியவராகிவிடுவார். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மகன்மேல் மனுக் கொடுக்க வரும் தாய்மார்களைப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாத மாதத் தொகைக்காக அவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். அவர்களுடைய ‘போதும்’ அவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது. மருமகளின் முகச்சுளிப்பும், விற்ற நகையும், மருந்துக் கடைப் பாக்கியும் சேர்ந்து அதை வரவழைத்திருந்தால் அந்தச் சொல் யாருடையது? ஓரிகனிலேயே, அந்தச் சட்டத்தை நாடியவர்கள் கூறும் காரணங்களில் வலியைவிடத் தன்னிச்சையை இழப்பதே முன்னால் நிற்கிறது. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்பதும் பலர் கூறும் காரணம். நம் ஊரில் அந்தக் காரணமே முதலில் வந்து நிற்கும். கனடாவிலும், 2016இல் சாவு நெருங்கியவர்களுக்கு என்று தொடங்கிய சட்டம், 2021இல் சாவு நெருங்காதவர்களுக்கும் நீண்டுவிட்டது என்பதை ஐயா குறிப்பிடவில்லை.

கோச்சடை ஆசிரியர்:

அம்மா, உங்கள் அப்பத்தாவைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். கனடாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். தலைக்கூத்தல் நடந்தது சட்டம் அனுமதித்ததால் அன்று. எவரும் கேள்வி கேட்காத இருட்டில் நடந்தது. முதியவரைத் தனியே அமர்த்தி, குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு, ‘இது உங்கள் விருப்பமா’ என்று இரு மருத்துவர்கள் கேட்கும் முறை, அந்த இருட்டுக்கு எதிரானது என்றே இன்னமும் கருதுகிறேன். ஆயினும் அந்த அறையில் உங்கள் அப்பத்தா உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று நீங்கள் கேட்டால், உறுதியாக ஆம் என்று சொல்ல என்னால் இயலாது.

சமண நோன்பை எவரேனும் இங்கே இழுக்குமுன் ஒரு சொல். உண்ணாமல் இருந்து உயிர்விடும் சல்லேகனை தற்கொலைக்குச் சமம் என்று 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் அந்த மாதமே நிறுத்திவைத்தது. நம் கீழவளவு, அரிட்டாபட்டிக் குகைகளைக் காட்டி அது நம் மரபு என்று வாதிடுவோர் உண்டு. துறவை வாழ்நாள் முழுதும் பழகியவரின் முடிவும், நோயால் மூலையில் தள்ளப்பட்டவரின் முடிவும் ஒன்றல்ல.

வலிநிவாரணச் செவிலி:

செல்லூர்ச் சகோதரரே, வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன், நகருக்குள்ளும் பார்த்திருக்கிறேன். ‘போதும்’ என்ற சொல்லை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். கேட்டவுடன் துடைத்துவிடாமலும், உடனே சட்டத்தைத் தேடாமலும், ‘எது போதும்?’ என்று ஒரு கேள்வியைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அது ஊசி. ஒருவருக்கு மலச்சிக்கல், ஆம், எட்டு நாட்களாக மலம் கழியாததால் சாக விரும்பிய பெரியவரை நான் அறிவேன், அது சரியான அன்று மாலையே அவர் பேரனைத் தேடினார். ஒருவருக்கு, தன்னைத் தூக்கித் தூக்கி மனைவியின் இடுப்பு போய்விட்டதைப் பார்க்க முடியாத வேதனை. எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சரிசெய்த பிறகும் அதே சொல்லைச் சொன்னவர்கள் என் நினைவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன விடை என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆசிரியர் ஐயா அவர்களுக்காகத்தான் பேசுகிறார் என்று புரிகிறது.

ஆனால் அந்த இருவரைத் தவிர மற்றவர்கள் கேட்டது இருக்கும் சட்டத்துக்குள்ளேயே கிடைத்திருக்க வேண்டியது. மார்ஃபின் விலை மலிந்த மருந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதைப் பூட்டிவைத்ததால் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையால் தொடாமலே ஓய்வு பெற்றார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகும், ‘மார்ஃபின் கொடுத்தால் உயிர் போய்விடும்’ என்ற அச்சம் போகவில்லை. அளவறிந்து கொடுத்தால் அது உயிரைப் பறிப்பதில்லை; உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு மூச்சுத்திணறலின் தவிப்பையே அடக்கும். கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய பணி, கேரளத்தில் பஞ்சாயத்துதோறும் வீட்டுக்கே செவிலியர் போகும் ஏற்பாடாக வளர்ந்திருக்கிறது. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தச் சேவையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

இந்த நோயாளிகள் பெரும்பாலும் சொல்லாமல் மறைப்பது ஒரு பயம்: புரையேறித் தொண்டை அடைத்துச் செத்துவிடுவோம் என்பது. உண்மையில் அப்படி இறப்பது மிக அரிது. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, உறக்கம் கூடி, உறக்கத்திலேயே அடங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இதை மருத்துவர் வாயால் அவர் கேட்கவேண்டும். இரவில் முகமூடி வழியாகக் காற்றுத் தரும் பைபாப் கருவியையும், மூச்சு மிகத் தளருமுன்பே முடிவு செய்யவேண்டிய, உணவு செலுத்தும் வயிற்றுக் குழாயையும் பற்றிக் கேளுங்கள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அவரே எழுதட்டும். அவர் மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம். அந்த எண்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் உரியவைதான்.

செல்லூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

செவிலி அம்மா சொன்னபடி அப்பாவின் அருகில் அமர்ந்து, எது போதும் என்று கேட்டேன். நெடுநேரம் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘ராத்திரி’ என்று எழுதினார். படுத்தால் மூச்சு முட்டுவதையும், அதைச் சொன்னால் அம்மா விடியவிடிய உட்கார்ந்திருப்பார் என்பதால் இரண்டு மாதங்களாகச் சொல்லாமல் கிடந்ததையும் துண்டுதுண்டாக எழுதினார். தொண்டை அடைத்துச் சாவதைப் பற்றிய பயமும் இருந்தது. நேற்று மருத்துவர் அவரிடமே விளக்கினார். பைபாப் கருவியை ஒரு மாதம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். கழுத்தில் துளை வேண்டவே வேண்டாம் என்பதைச் சிலேட்டு நிறையப் பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவரைப் படிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நீங்கள் அனைவரும் எழுதியதை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கள்ளிக்குடிச் சகோதரியின் அப்பத்தாவைப் பற்றி வந்தபோது, நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். அந்தச் சட்டம் வரவேண்டுமா என்று கடைசியில் கேட்டேன். ‘எனக்கு இருந்தா நல்லது’ என்று எழுதினார். சற்று நேரம் கழித்து, அதைத் துடைக்காமலே, கீழே ‘எல்லாருக்கும் யோசிக்கணும்’ என்று சேர்த்தார்.

வழக்கறிஞர் ஐயா, நோட்டரி வியாழக்கிழமை வீட்டுக்கே வர ஒப்புக்கொண்டிருக்கிறார். சாட்சிகளாகப் பக்கத்துத் தறிக்காரர்கள் இருவர் வருகிறார்கள். தம் சார்பில் பேச என் பெயரோடு அம்மாவின் பெயரையும் போடவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். இருவர் பெயரையும் போடலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை வழக்கறிஞர்:

போடலாம். ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிட 2023இன் விதி இடம் தருகிறது. அவர் கையொப்பமிடும்போது ஆவணம் முழுவதையும் நோட்டரி அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். அவர் சிலேட்டில் எழுதும் பதில்களை ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதவைத்து அதையும் உடன் இணையுங்கள்.